வெயில் 'சதம்' அடித்தது என்கிறார்களே, எதை வைத்து?

ஏப்ரல் பிறந்தால் போதும், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி செய்தி வரத் தொடங்கிவிடும்: "தமிழகத்தில் இத்தனை இடங்களில் வெயில் சதம்." கரூர் பரமத்தி, ஈரோடு, வேலூர், திருத்தணி என்று ஒரு பட்டியல். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கார் டாஷ்போர்டைப் படம் எடுத்துப் போடுவார். அதில் 46 என்றிருக்கும், கீழே "உண்மையை மறைக்கிறார்கள்" என்று ஒரு வரி. இன்னொருவர் தன் போனைக் காட்டி 38 தானே என்பார். மூன்றாமவர், அதே போனில் இன்னும் கொஞ்சம் கீழே பார், 'உணரும் வெப்பம் 46' என்று போட்டிருக்கிறது என்பார். மூன்று பேரும் சண்டை போடுவது ஒரே ஊரின் ஒரே மத்தியானத்தைப் பற்றி.

சதம் என்பது 100 டிகிரி பாரன்ஹீட், அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். வானிலை ஆய்வு மையம் செல்சியஸில்தான் எண்ணைத் தருகிறது. தலைப்புப் போட வசதியாக இருப்பதால் பத்திரிகைகள் அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றிக்கொள்கின்றன. 37.7-க்கும் 37.8-க்கும் உள்ள வித்தியாசம் நம் தோலுக்குத் தெரியாது, தலைப்புக்குத் தெரியும்.

நானும் இந்தச் சண்டையில் இருந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, தாம்பரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுப் பால்கனிக் கம்பியில் கட்டிவிட்டேன். முதல் நாளே 47 காட்டியது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அன்று மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவானது 39. சரி, கருவி மட்டம் என்று நினைத்தேன். கருவியில் ஒரு பிழையும் இல்லை, அது உண்மையைத்தான் சொன்னது, நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருந்தேன்.

வெப்பமானி யாருடைய சூட்டைச் சொல்கிறது?

வெயிலில் நிறுத்திய பைக்கின் கறுப்பு சீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சீட் கொதிக்கிறது. அதே பைக்கை நாலடி தள்ளி வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தால் அந்தச் சூடு இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் சுற்றியிருக்கும் காற்று ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கிறது. சீட்டைச் சுட வைத்தது காற்று அல்ல, மேலே நேராக விழுந்த வெயில்.

ஒரு பொருளுக்குச் சூடு இரண்டு வழியாக வரும். தொடும் காற்றிலிருந்து வருவது ஒன்று. சூரியனிடமிருந்தும், காய்ந்த சுவர், சிமென்ட் தரை போன்றவற்றிடமிருந்தும் தொடாமலே பாய்ந்து வருவது இன்னொன்று, இதற்குக் கதிர்வீச்சு என்று பெயர். வெப்பமானிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் சூடு. வெயிலில் தொங்கவிட்டால் அதுவும் ஒரு பைக் சீட்தான். கறுப்புப் பெட்டிக்குள் இருந்தால் 50 காட்டும், வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தால் அதே நிமிடம் 44 காட்டும். எது சரி என்று கேட்டால் பதில் கிடையாது, ஏனென்றால் இரண்டுமே ஊரின் வெப்பநிலை அல்ல.

உலகம் முழுக்க 'வெப்பநிலை' என்று அறிவிக்கப்படுவது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. வெயிலை யாரும் அந்த எண்ணில் அளப்பதில்லை. காற்றை மட்டும் அளக்க வேண்டுமானால் வெப்பமானியின் மேல் வெயில் படக்கூடாது, தரையும் சுவரும் வீசும் சூடு படக்கூடாது, ஆனால் காற்று மட்டும் தாராளமாக உள்ளே வந்து போக வேண்டும். கேட்க எளிது, செய்வதுதான் கஷ்டம். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். வெள்ளை அடித்த மரப்பெட்டி, நான்கு பக்கமும் பழைய வீட்டு ஜன்னல் மாதிரி சாய்ந்த பலகைகள், அதுவும் இரட்டை அடுக்கு. காற்று புகும், வெளிச்சம் புகாது. ஸ்டீவன்சன் பெட்டி என்றே அதற்குப் பெயர். புல்தரைக்கு மேல் சுமார் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அதை வைப்பார்கள். இன்றும் வானிலை நிலையங்களில் பார்க்கலாம்.

இப்போது அந்த டாஷ்போர்டுக்கு வருவோம். காரின் வெப்ப உணரி பெரும்பாலும் முன் பம்பருக்குப் பக்கத்தில் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது அது தார்ச் சாலையின் சூட்டையும் எஞ்சின் சூட்டையும் சேர்த்துக் குடிக்கிறது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டினால் எண் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். போன் செயலி வேறு ரகம். பல செயலிகள் உங்கள் தெருவில் எதையும் அளப்பதில்லை, சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குக் கணினி போட்ட கணக்கைக் காட்டுகின்றன.

ஆக இதுவரை: வெப்பநிலை என்றால் நிழலில் இருக்கும் காற்றின் சூடு. கருவி எவ்வளவு விலை என்பதைவிட அது எங்கே, எதற்குள் இருக்கிறது என்பதுதான் எண்ணைத் தீர்மானிக்கிறது.

வேலூரில் 42, சென்னையில் 37. யாருக்குப் பாடு அதிகம்?

வேலூரில் இருக்கும் என் அத்தை மே மாதம் சென்னைக்கு வந்தால் ஒவ்வொரு வருடமும் இதையே சொல்வார்: "எங்க ஊர்ல வெயில் சுடும்ப்பா, உங்க ஊர்ல அவிக்குது." இதைவிடச் சரியாக எந்த வானிலை அறிக்கையும் சொன்னதில்லை.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் உடம்பும் ஒரு மண்பானைதான், கசிவது வியர்வை. துணி சீக்கிரம் காயும் நாளில் வியர்வையும் சீக்கிரம் காயும், உடம்பு குளிரும். கொடியில் போட்ட துணி மாலை வரை சொதசொதவென்று இருக்கும் நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது, நனைவதுதான் மிச்சம், குளிர்ச்சி இல்லை. புழுக்கம் என்பது இதுதான்.

காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று சொல்ல எல்லோரும் பயன்படுத்துவது ஒப்பு ஈரப்பதம், அந்தச் சதவீதக் கணக்கு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. காற்றை ஒரு பாத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள் (இயற்பியல் வாத்தியார்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடவும்). சூடு ஏற ஏறப் பாத்திரம் பெரிதாகும். காலை 27 டிகிரியில் அது சொம்பு, மத்தியானம் 37 டிகிரியில் அது அண்டா. ஒப்பு ஈரப்பதம் சொல்வது பாத்திரம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும். தண்ணீர் மாறாமல் இருந்தாலும் காலையில் 89 சதவீதம் காட்டும், மத்தியானம் 50 காட்டும். காலையில் ஈரம் அதிகம், மத்தியானம் காய்ந்துவிட்டது என்று சொன்னால் அது தப்பு, பாத்திரம்தான் மாறியிருக்கிறது.

அதனால்தான் "40 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம்" என்று வரும் பார்வர்டுகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. காலை ஈரப்பதத்தையும் மத்தியான வெப்பத்தையும் ஒட்டிவிட்டால் கிடைக்கும் கற்பனை நாள் அது.

சதவீதத்தைவிட நம்பகமான எண் ஒன்று உண்டு. டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா, அப்படி நீராவி துளிகளாக மாறத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிப்புள்ளி. காற்றில் உள்ள நீராவி மாறாத வரை பனிப்புள்ளியும் மாறாது. மேலே சொன்ன காலைக்கும் மத்தியானத்துக்கும் பனிப்புள்ளி ஒன்றுதான்: 25. சென்னையின் மே மாதத்தில் இது சர்வ சாதாரணம். உள்மாவட்டங்களில் வறண்ட மேற்குக் காற்று அடிக்கும் மத்தியானத்தில் 12 வரைகூட இறங்கலாம்.

இனி அத்தையின் வழக்கைக் கணக்கில் போடுவோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எவ்வளவு வரை குளிரும் என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். மண்பானை எட்டக்கூடிய எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 42 டிகிரி, பனிப்புள்ளி 12 என்றால் அது சுமார் 23. சென்னையின் 37 டிகிரி, பனிப்புள்ளி 25 என்றால் சுமார் 28. ஐந்து டிகிரி குறைவான வெயிலில் ஐந்து டிகிரி மோசமான பானை! ஸ்டெட்மன் என்பவர் 1979-இல் அமெரிக்காவில் வகுத்த 'உணரும் வெப்பம்' கணக்கிலும் அப்படித்தான். சென்னை நாளுக்கு 46 வரும், வேலூர் நாளுக்கு 41-ஐ ஒட்டித்தான் வரும். கடலோரத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கும் தெரியும். வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி இருக்க வேண்டும், கடலோரத்தில் 37 போதும். பொதுவாக இரண்டிலும் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

சுருக்கமாக, சூட்டுக்கு வெப்பநிலை, அவிச்சலுக்குப் பனிப்புள்ளி. சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கடற்காற்று வந்ததா?

சென்னையில் கோடையில் எனக்குப் பிடித்த வேடிக்கை இது. விறகடுப்பில் சூடான காற்று மேலே போகப்போக, அடுப்பின் வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். வெயில் ஏறினால் நிலம் அடுப்பு, கடல் அடுப்பின் வாய்ப்பக்கம். நிலத்தின் மேல் காற்று சூடாகி எழும்ப, கடலின் மேல் இருக்கும் குளிர்ந்த காற்று கரைக்குள் நுழைகிறது. நல்ல நாளாக இருந்தால் மத்தியானம் 12, 1 மணிக்கெல்லாம் மெரினாவுக்கு வந்துவிடும், பிறகு நுங்கம்பாக்கம், இன்னும் கொஞ்சம் தாமதமாக மீனம்பாக்கம். சென்னையின் இந்த இரண்டு வானிலை நிலையங்களில் மீனம்பாக்கம் பெரும்பாலும் ஒரு டிகிரி கூடக் காட்டுவதன் ரகசியம் அதுதான்.

ஆனால் எதிரே மேற்குக் காற்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கி, காய்ந்த நிலம் முழுக்க உருண்டு, நன்றாக வறுபட்டு வரும் காற்று. தென்மேற்குப் பருவமழை நெருங்கும் மே கடைசியில் அது வலுக்கும், கடற்காற்றைக் கரையிலேயே பிடித்து நிறுத்தும். 3 மணி ஆகும், 4 மணி ஆகும், சில நாள் வரவே வராது. அந்த நாட்களில்தான் சென்னை 40-ஐத் தாண்டி எகிறும்.

அக்னி நட்சத்திரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28, 29 வரை நீளும் கத்திரி, சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தின் பக்கம் இருக்கும் காலம் என்ற பஞ்சாங்கக் கணக்கு. வானிலைத் துறையின் கணக்கு அல்ல. சூரியன் அப்போது நம் தலைக்கு நேரே வருகிறது என்பதும் சரியில்லை, சென்னைக்கு அது ஏப்ரல் 25-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது, பிறகு ஆகஸ்டில் இன்னொரு முறை. உச்சி வெயில் ஏப்ரலில், உச்சச் சூடு மேயில், ஏனென்றால் நிலம் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறது. முன்னோர் நாட்களை நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள், ஆனால் 'கத்திரி முடிந்தது, இனி குறையும்' என்பதை மட்டும் சென்னைக்காரர்கள் நம்ப வேண்டாம். நுங்கம்பாக்கத்தின் சாதனை 45 டிகிரி. தேதி 2003 மே 31. கத்திரி முடிந்த பிறகு!

மொட்டை மாடியில் ஒரு நிலையம்

இவ்வளவும் புரிந்துவிட்டால் வீட்டு வானிலை நிலையம் பெரிய வித்தை அல்ல. எல்லாம் சேர்ந்த தயார் நிலையங்கள் ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள், அவசரப்பட வேண்டாம். வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்து காட்டும் சின்னக் கருவி ஒன்றில் தொடங்குங்கள். மின்னணுவில் கை வைப்பவராக இருந்தால் எஸ்எச்டி31 போன்ற உணரியை வாங்குங்கள், பள்ளிக்கூடப் புராஜெக்ட்களில் வரும் டிஎச்டி11 வேண்டாம், அது இரண்டு டிகிரி வரை தப்பாகச் சொல்லும்.

மெனக்கெட வேண்டியது கூட்டில்தான். நான் செய்தது: பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு. மேலே உள்ள இரண்டை அப்படியே விட்டு, மற்றவற்றின் நடுவில் வட்டமாக வெட்டி எடுத்து, கவிழ்த்து அடுக்கி, மூன்று மரையாணிக் கம்பிகளில் கோத்து, இடையிடையே இரண்டு சென்டிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டுகள் வைத்தேன். நடுக்குழியில் உணரி தொங்கும். ஏழை வீட்டு ஸ்டீவன்சன் பெட்டி. பால்கனியில் 47 காட்டிய அதே கருவி இதற்குள் போனதும், மீனம்பாக்கத்துக்கு ஒரு டிகிரி அக்கம்பக்கத்தில் நின்றது.

தோட்டமோ புல்லோ இருந்தால் அங்கே வையுங்கள். நம்மில் பலருக்கு மொட்டை மாடிதான், அந்தத் தளமே ஒரு தோசைக்கல். அதனால் ஒரு குழாயில் ஏற்றித் தளத்திலிருந்து இரண்டு மீட்டராவது மேலே, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், ஏசியின் வெளிப்பெட்டி ஆகியவற்றைவிட்டு எட்டி நிற்க வையுங்கள். அப்படியும் காற்றில்லாத மத்தியானத்தில் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதை ஒப்புக்கொண்டுவிடலாம்.

ஈரப்பதம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கச் சமையலறையே போதும். ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சகதி மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கருவியோடு ஒரு காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் கருவி ஐந்து கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

மழைமானி இன்னும் எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். வாய் விட்டம் 11.3 சென்டிமீட்டர் உள்ள புனலுக்கு இதையே கணக்குப் போட்டால், 10 மில்லி தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழை. புனல், கீழே ஒரு பாட்டில், வீட்டில் மருந்து ஊற்றும் அளவுக் குப்பி, வேலை முடிந்தது. பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளங்கள், நாடு முழுக்க மழைக் கணக்கு அந்த நேரத்தில்தான் முடிகிறது. அதனால் நேற்று ராத்திரி கொட்டிய மழை இன்றைய தேதியில் வரும், இதில் தடுமாறாத புதியவர்கள் கிடையாது.

காற்றழுத்தமானி வாங்கிய முதல் வாரம் நான் பயந்துபோனேன். காலை 10 மணிக்குப் பார்த்த அழுத்தம் மாலை 4 மணிக்கு மூன்று நான்கு மில்லிபார் குறைந்திருந்தது. புயல் என்று முடிவுகட்டி மாடியில் காய்ந்த வடகத்தை எல்லாம் எடுக்க வைத்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் அதே நேரம் அதே இறக்கம். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் கடலின் ஓதம் மாதிரி தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும், காலை 10, இரவு 10 உச்சம், அதிகாலை 4, மாலை 4 தாழ்வு. நேற்று இதே நேரம் எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் அழுத்தத்தில் அர்த்தம். உயரமான ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: பெங்களூரில் 910 மில்லிபாரை ஒட்டிக் குறைவாகக் காட்டினால் அது ஊரின் உயரம், புயல் அல்ல.

காற்று வேகத்தை விட்டுவிடுங்கள். அதைத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும், நமக்கு வாய்க்காது. திசை தெரிய ஒரு ரிப்பன் போதும்.

ரிப்பன் கிழக்கிலிருந்து ஆடத் தொடங்கும் நிமிடம் கருவியைப் பாருங்கள். வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி சடாரென்று இறங்கும், பனிப்புள்ளி ஏறும். கடற்காற்று உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, எந்தச் செயலியும் சொல்வதற்கு முன்.

'வெப்பச் சலனம் காரணமாக'

கோடை மழை பெய்தால் செய்தியில் இந்த வரி தவறாமல் வரும். வெப்பச் சலனம் என்றால் சூடான காற்று கொதிக்கும் சாம்பார் மாதிரி கீழிருந்து கிளம்பி மேலேறுவது. வெயில் அதிகம் என்றால் மழை வந்துவிடும் என்று இதற்குப் பொருள் செய்துகொள்கிறோம். அப்படியானால் ராஜஸ்தானில் மே மாதம் முழுக்க வெள்ளம் வர வேண்டும். கொதிக்க அடுப்பு வேண்டும், பாத்திரத்தில் சாம்பாரும் வேண்டும், அதாவது ஈரம். மேலே போதுமான குளிர்ச்சி வேண்டும். கிளப்பிவிட ஏதாவது ஒன்றும் வேண்டும், ஒரு மலைச்சரிவு, அல்லது கடற்காற்றும் மேற்குக் காற்றும் முட்டிக்கொள்ளும் ஒரு கோடு. தருமபுரி, சேலம், ஜவ்வாது மலைப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மேகம் குவிவதற்கு இவை எல்லாம் ஒன்றுசேர்வதுதான் காரணம்.

மேகம் கூடியதும் முதலில் வருவது மழை அல்ல, குளிர்ந்த காற்று. மேலேயிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது, அதற்கான சூட்டைக் காற்றிடமிருந்து எடுக்கிறது, குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று கீழே விழுந்து நாலாபக்கமும் பரவுகிறது. அதே மண்பானை, வானத்தின் அளவில். போன ஜூனில் ஒரு நாள் இரவு 8 மணிக்கு என் கருவி 34-இல் இருந்து 25-க்குக் கால் மணி நேரத்தில் இறங்கியது, அழுத்தம் ஒரு மில்லிபாருக்கு மேல் குதித்தது, ரிப்பன் மேற்கிலிருந்து வெறிபிடித்து ஆடியது, அப்புறம்தான் முதல் சொட்டு.

அன்று பாட்டில் மழைமானியில் 41 மில்லிமீட்டர். ஆசைப்பட்டுப் புதிதாக வாங்கிப் பக்கத்திலேயே வைத்திருந்த தானியங்கி மழைமானியில் பூஜ்யம். கழற்றிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிச் சாயும் சின்னக் கிண்ணத்துக்கு மேலே ஒரு குளவி அழகாக மண்கூடு கட்டியிருந்தது.